சீட்டில் எழுதிய மாத்திரை: கொடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு, யோசிக்கும் முன்பே செய்துவிடும் அவசரம் இவை சேர்ந்த நிலையை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லி ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்று மாலைக்குள்ளேயே வீட்டில் நான்கு கட்சிகள் உருவாகிவிடும். பள்ளிக்கூடம் உடனே தொடங்குங்கள் என்கிறது. ஆச்சி, "இவன் அப்பனும் இந்த வயதில் மரத்துக்கு மரம் தாவினான், மாத்திரையா தின்றான்?" என்கிறார். சித்தப்பா சித்த மருத்துவக் கல்லூரிக்கு வழி சொல்கிறார். கைபேசியைத் திறந்தால், பிள்ளைகளைப் பொம்மையாக்குகிறார்கள் என்று யாரோ ஒருவர் காரில் உட்கார்ந்தபடி கத்துகிறார்.

எங்கள் வீட்டிலும் நான்கு கட்சிகளும் இருந்தன. என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. முடிவெடுக்க வேண்டியிருந்த ஒரு தாய். எந்த வழியை எதனோடு வைத்துப் பார்த்தேன், எந்த ஒப்பீடு உதவியது, எது வீண் என்று எழுதுகிறேன். மாத்திரை நல்லதா கெட்டதா என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த வழியில் போனால் பிள்ளையை யார், எப்போது திரும்பப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு வழியையும் கேட்டால், வழிகள் தாமாகப் பிரிந்து நிற்கும்.

ஆச்சியின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் வீட்டில் பலமான கட்சி. இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இந்த நிலையில் மரபின் பங்கை எழுபது, எண்பது சதவீதம் என்று சொல்கின்றன. அப்படியானால் "அப்பனும் இப்படித்தான்" என்பது மருத்துவருக்கு எதிரான சாட்சி ஆகாது; அவர் பக்கம் நிற்கும் சாட்சி. தவிர, அப்பன் கதையில் ஆச்சி விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. பிரம்படி வாங்கியதையும் இரண்டு பள்ளிக்கூடம் மாறியதையும் அவர் சொல்வதே இல்லை.

பெயர் சரிதானா?

மாத்திரையை எடை போடும் முன் நோயின் பெயரை எடை போட வேண்டும். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ உண்மையிலேயே பாதிக்க வேண்டும். வகுப்பில் மட்டும் ஆடுகிறான், வீட்டில் அமைதி என்றால் அது வேறு கதையாக இருக்கலாம். இரத்தம் எடுத்தோ ஸ்கேன் செய்தோ இதை உறுதிசெய்ய முடியாது. கேட்டும் பார்த்தும் படிவங்களை நிரப்பியும்தான் முடிவுக்கு வருகிறார்கள். ஆகவே பத்து நிமிடத்தில், ஆசிரியரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் பெயர் வைத்திருந்தால் இரண்டாவது மருத்துவரைப் பார்ப்பது குற்றமில்லை.

காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கரும்பலகை தெரியாத பிள்ளையும் கவனம் சிதறிய பிள்ளையைப் போலவே தெரிவார்கள். மூக்கின் பின்னே சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் துள்ளும். இரத்தசோகையும் கவனத்தைத் தின்னும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோன் மருந்தே சில பிள்ளைகளைப் படபடவென்று ஆக்கிவிடும். இன்னொன்று வயது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் மாதத்துப் பையன்கள் ஜனவரி மாதத்துப் பையன்களைவிட 30 சதவீதம் கூடுதலாக இந்தப் பெயரைப் பெற்றிருந்தார்கள். சீக்கிரம் சேர்க்கவேண்டும் என்று முந்திக்கொண்டு சேர்த்த வீடுகள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

எங்கள் திருநெல்வேலியில், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, கண், குழந்தை நலம், மனநலம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தையும் கேட்டுப் போகலாம். கூட்டமும் காத்திருப்பும் உண்டு; ஆனால் இந்தச் சோதனைகளை ஒவ்வொன்றாகத் தனியாரிடம் செய்வதோடு ஒப்பிட்டால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

கிடைக்காத மாத்திரையும் விடக்கூடாத மாத்திரையும்

"மனநல மாத்திரை" என்று ஒன்று கிடையாது. சீட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் அச்சத்தை அளக்க முடியும். இந்த நிலைக்கு எழுதுபவை பெரும்பாலும் மெத்தில்பெனிடேட் அல்லது அட்டமாக்ஸெடின். சில வேளை மாலையில் குளோனிடின். அதைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும், ஆகவே சொந்த முடிவில் நிறுத்தவே கூடாது. ரிஸ்பெரிடோன் என்று எழுதியிருந்தால் எதற்காக என்று கேளுங்கள். அது கவனத்துக்கான மருந்து அல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சல் போன்றவற்றுக்குத் தருவார்கள், உடல் எடையைக் கூட்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை பற்றிய தகவலைக் கேட்கும் உரிமையையும் அது வெளியே போகாத இரகசியக் காப்பையும் தருகிறது. பின்னாளில் வேலைக்கும் கல்யாணத்துக்கும் இடைஞ்சலாகுமோ என்று கேட்கும் பெற்றோர் அந்த இரண்டாவது பகுதியை நினைவில் வைக்கலாம்.

மெத்தில்பெனிடேட் புதிய சரக்கு அல்ல. 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது, 1950-களின் நடுவிலிருந்து விற்பனையில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் பயப்படுவதுபோல் இது தூக்க மாத்திரை இல்லை. நேர்மாறாக, ஊக்க மருந்து வகை. துள்ளும் பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்று எனக்கும் முதலில் தலை சுற்றியது. மூளையில் கவனத்தையும் அடக்கத்தையும் நடத்தும் பகுதிகளில் டோபமைன், நோர்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் போதிய நேரம் நின்று வேலை செய்ய இது உதவுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். சாதாரண வகை நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும், மெதுவாகக் கரையும் வகை பள்ளி நேரம் முழுக்க நிற்கும். அந்த இரண்டாம் வகையை வாழைப்பழத்தில் பொடித்துக் கொடுக்கக் கூடாது. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உள்ளே இறங்கிவிடும்.

அட்டமாக்ஸெடின் ஊக்க மருந்து வகையைச் சேராதது. அமெரிக்காவில் 2002-இல் ஒப்புதல் பெற்றது. இதன் பலன் மெல்லச் சேரும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகும். தினமும் கொடுக்க வேண்டும். விட்டு விட்டுக் கொடுத்தால் பலன் சேராது. பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும் என்று 2005 முதல் அங்கே இதன் மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை இருக்கிறது. அரிதாகத்தான் நிகழும். ஆனாலும் முதல் வாரங்களில் மனநிலை மாறினால் அன்றே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எச்சரிக்கை.

எது மேல்? 2018-இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு, பிள்ளைகளுக்கு முதலில் மெத்தில்பெனிடேட் என்றது. அந்த ஒப்பீடு சில மாதப் பலனைத்தான் பேசுகிறது, ஆண்டுக்கணக்கில் அல்ல. ஆனால் தாமிரபரணிக் கரையில் இந்த இரண்டையும் பிரிப்பது வேறொன்று. மெத்தில்பெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கணக்கு, பதிவேடு, சோதனை என்ற தொல்லைக்கு அஞ்சிப் பெரும்பாலான ஊர்க் கடைகள் அதை வாங்கி வைப்பதில்லை. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள கடையில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அட்டமாக்ஸெடினை வரவழைத்துத் தருவதில் அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆக, கிடைப்பதற்குச் சிரமமான மாத்திரை ஒரு நாள் விட்டாலும் மறுநாள் அதே வேலையைச் செய்யும். எளிதில் கிடைக்கும் மாத்திரை, விட்டால் பலன் தராது. உங்கள் வீட்டில் எந்த ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள். காலையில் மறந்துபோகும் வீடா, மாதாமாதம் நகரத்துக்குப் போய்வர முடியாத வீடா? முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு தாய்க்குப் பாளையங்கோட்டைக்கு வந்துபோவது ஒரு நாள் கூலி. அவருக்கு எழுதும் சீட்டும் வண்ணார்பேட்டையில் குடியிருக்கும் எனக்கு எழுதும் சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவருக்கு நம் பஸ் நேரம் தெரியாது.

பக்கவிளைவுகளில் வீட்டில் அதிகம் தெரிவது பசி குறைவது. மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். இதற்கு வழி, காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மாத்திரை, மருந்து வடியும் மாலையில் ஒரு கனமான சாப்பாடு. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களிக்கு எங்கள் வீட்டில் திடீர் மதிப்பு வந்தது இப்படித்தான். ஆச்சி கட்சி மாறியதும் அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன். அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளையானால், மாத்திரை நேரத்தை அதற்கேற்ப வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, தலைவலி, மருந்து இறங்கும் நேரத்து அழுகை ஆகியவையும் உண்டு. அளவையும் நேரத்தையும் மாற்றினால் பல குறையும். பிள்ளை உணர்ச்சியற்று உட்கார்ந்திருந்தால் அதை "மருந்து வேலை செய்கிறது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவு கூடிவிட்டது அல்லது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அறிகுறி அது.

உயரம் பற்றிய கவலை கட்டுக்கதை அல்ல. ஊக்க மருந்தை விடாமல் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் மூன்று ஆண்டில் சுமார் 2 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் அதைவிட அடிக்கடி எடையும் குறிக்கப்பட வேண்டும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தொடங்கும் முன்பும், அளவு மாறும்போதும் பார்க்கப்பட வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், பிள்ளை ஓடும்போது மயங்கியிருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். அடிமையாகிவிடுவானோ என்ற அச்சத்துக்கு மட்டும் ஆதாரம் குறைவு. மருத்துவர் சொன்ன அளவில் சிறுவயதில் எடுத்துக்கொண்டவர்கள் பின்னாளில் போதைக்குக் கூடுதலாகப் போனதாக ஆய்வுகள் காட்டவில்லை.

மாத்திரை இல்லாத வழி

இதில் வயது முக்கியம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஒப்பீடே தேவையில்லை: பெற்றோருக்கான பயிற்சிதான் முதல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இன்னொரு நிபுணரின் கருத்தில்லாமல் மருந்தே வேண்டாம் என்கிறது பிரிட்டனின் 2018 வழிகாட்டி. யு.கே.ஜி. பிள்ளைக்கு மாத்திரை எழுதிய சீட்டோடு வருபவரிடம் நான் சொல்வதும் இதையே: சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள்.

ஆறு வயதுக்கு மேல், பிரிட்டனில் சூழலை மாற்றிப் பார்த்தும் பாதிப்பு நீடித்தால் மருந்து. அமெரிக்காவில் மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே. இரண்டு நாட்டு நிபுணர்களே வரிசையில் ஒத்துப்போகவில்லை என்பதை அறிந்தபோது எனக்கு ஒருவகை ஆறுதல். தயங்கும் பெற்றோர் எல்லோரும் மூடர்கள் இல்லை.

பயிற்சி என்றால் என்ன? "புத்தகத்தை எடு, கையைக் கழுவு, சட்டையை மாற்று" என்று மூன்றை அடுக்காமல், அருகில் போய்க் கண்ணைப் பார்த்து ஒன்றை மட்டும் சொல்வது. செய்த நொடியில் பாராட்டுவது. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் பாராட்டினால் அவனுக்கு எதற்கென்று தெரியாது. வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைப்பது. வகுப்பில் முன் வரிசை, ஜன்னலைவிட்டுத் தள்ளி. சாக்பீஸ் வாங்கிவரும் வேலையை அவனுக்கே கொடுப்பது. ஆசிரியர் தினமும் இரண்டே இரண்டு விஷயங்களுக்கு டைரியில் சரி அல்லது தவறு போட்டு அனுப்புவது. படித்தால் எளிது. மாலை ஆறு மணிக்கு, அலுவலகமும் சமையலும் கழிந்து, பத்தாவது முறையாக அதே ஒன்றைச் சொல்லும்போது எளிதாக இருக்காது. நாற்பது ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியரிடமும் ஓரளவுக்கு மேல் கேட்க முடியாது. அரசுப் பள்ளியானால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை உள்ளே கொண்டுவர முயலலாம்.

பயிற்சியையும் மருந்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1999-இல் அமெரிக்காவில் வெளியானது. 579 பிள்ளைகள், 14 மாதங்கள், நான்கு பிரிவுகள். ஒரு பிரிவுக்கு நெருங்கிய கண்காணிப்போடு மருந்து, ஒன்றுக்குத் தீவிரப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், நான்காவது பிரிவினர் தங்கள் ஊர் மருத்துவரிடம் வழக்கம்போல். கவனம், துறுதுறுப்பு ஆகிய மூல அறிகுறிகளில் கண்காணிப்போடு மருந்து பெற்றவர்களும் இரண்டும் பெற்றவர்களும் முந்தினார்கள். அந்தப் பயிற்சியில் எட்டு வாரக் கோடை முகாமும் வகுப்பறைக்கு ஓர் உதவியாளரும் அடக்கம். நம் பக்கத்தில் அவ்வளவு யாருக்கும் கிடைக்காது. இதை மட்டும் சொல்லி மருந்துக்கு வாக்குக் கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது நான்காவது பிரிவு. ஊர் மருத்துவரிடம் போனவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து எடுத்தார்கள். ஆனாலும் பின்தங்கினார்கள். மாதாமாதம் பார்த்து, ஆசிரியரிடம் கேட்டு, அளவைத் திருத்திக் கொடுத்ததும், சீட்டு எழுதி அனுப்பிவிட்டதும் ஒரே பலனைத் தரவில்லை. மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது நான்கு பிரிவுகளுக்கும் இடையே வித்தியாசம் மறைந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் பெற்ற பலன் தானாக நீளாது.

காத்திருப்பது, கயிறு, காய்கறி

சும்மா காத்திருப்பதற்கு நான் எதிரி. தேதி குறித்துக் காத்திருப்பதற்கு எதிரி அல்ல. "அரையாண்டுத் தேர்வு வரை பயிற்சி, பிறகு ஆசிரியரின் படிவம், பிறகு முடிவு" என்றால் அது ஒரு வழி. "பெரியவன் ஆனால் சரியாகிவிடும்" என்பதில் யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. துள்ளல் வயதோடு குறைவது உண்மை. கவனக் குறைவு பலருக்குத் தங்கிவிடுகிறது. அமைதியாகக் கனவு காணும் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் மோசம், அவர்களைப் பற்றி எந்த ஆசிரியரும் புகார் எழுதுவதில்லை.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இங்கே இருக்கிறது, அதன்மேல் எங்கள் ஊருக்குத் தனி நம்பிக்கை. வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் நினைவாற்றலுக்குப் பேர்போனவை. இந்த நிலைக்கு அவை மேற்சொன்ன மருந்துகளுக்கு ஈடு என்று காட்டும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. போவதானால் கல்லூரி மருத்துவமனைக்கே போங்கள், எடுத்துக்கொள்வதை இரண்டு மருத்துவருக்கும் சொல்லுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பற்பத்தையும் செந்தூரத்தையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஈயம் கலந்திருந்தால் அதுவே கவனத்தைக் கெடுக்கும்.

பொட்டல்புதூரில் ஓதுவதும், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் நேர்ந்துகொள்வதும், குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டுவதும் எந்த மாத்திரையோடும் மோதுவதில்லை. பிள்ளையை அடிக்கவும் பட்டினி போடவும் சொல்லாதவரை எனக்கு மறுப்பில்லை. இனிப்பை நிறுத்துவதால் துறுதுறுப்பு குறையும் என்பதை 1995-இலேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மறுத்துவிட்டார்கள். செயற்கை நிறமிகளுக்குச் சிறிய பங்கு சில பிள்ளைகளிடம் இருக்கலாம். கலர் அப்பளத்தை நிறுத்துங்கள், நல்லதுதான். ஆனால் அதையே சிகிச்சை என்று நம்பி ஓர் ஆண்டைக் கடத்தாதீர்கள்.

எங்கள் முடிவு

நாங்கள் முதல் பருவத்தில் பயிற்சியை மட்டும் செய்தோம். வீட்டில் சண்டை குறைந்தது, வகுப்பில் மாற்றம் கொஞ்சம்தான். பிறகு மெத்தில்பெனிடேட், குறைந்த அளவில். கிடைக்கும் கடை நடக்கும் தூரத்தில் இருந்ததும் ஒரு காரணம். என் கணவரின் ஊரான களக்காட்டுப் பக்கம் குடியிருந்தால் அட்டமாக்ஸெடினைத்தான் கேட்டிருப்பேன். முதல் மாத்திரையைச் சனிக்கிழமை கொடுத்தோம், நாங்கள் இருவரும் வீட்டில் இருந்து பார்க்க. கோடை விடுமுறையில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. வகுப்பறை இல்லாமல் எதை அளப்பது? தேர்வு வாரமும் வேண்டாம். பசி, தூக்கம், ஆசிரியரின் இரண்டு குறிகள் இவற்றை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளுக்கே அந்த நோட்டு பதில் சொன்னது.

பார்க்கும் மருத்துவர் "கொடுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று மட்டும் சொன்னால், மாத்திரையின் மீதுள்ள சந்தேகத்தைவிட அந்த ஆறு மாதத்தின் மீது சந்தேகம் கொள்ளுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ இரண்டாவது கருத்துக்குப் போவதானால் நோட்டும் பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அங்கே மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு யாரும் முன்கூட்டி விடை தரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்திப் பார்த்து, இன்னும் தேவையா என்று முடிவுசெய்யலாம் என்றார்கள். மே மாதம் உயரத்துக்காக மாத்திரைக்கு ஓய்வு கொடுக்க உதவும், இந்தச் சோதனைக்கு உதவாது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அக்டோபரில் இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். வகுப்பாசிரியரிடம் எந்த வாரம் என்பதைச் சொல்லாமல், அந்த இரண்டு குறிகளை வழக்கம்போல் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.